மென்பொருளைத் திட்டமிட்டு, எழுதி, பராமரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மென்பொருள் வேலையில் எடுக்கும் முடிவுகள் எல்லாம் ஒரே கனம் கொண்டவை இல்லை. பட்டனின் நிறம், பக்கத்தின் தலைப்பு, ஒரு ஃபங்ஷனின் பெயர் போன்றவற்றை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தரவுத்தளத்தின் அமைப்பு, வெளியார் மென்பொருள்கள் நம்முடையதோடு பேசும் வழியான ஏபிஐ, தேதியையும் தொகையையும் சேமிக்கும் விதம் ஆகியவற்றில் இரண்டு வருடம் கழித்துக் கை வைக்கவே பயமாக இருக்கும். ஆனால் நடப்பில், முதல் வகையைப் பற்றி மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். இரண்டாம் வகையை யாரோ ஒருவர் ஒரு சாயங்காலத்தில் தட்டச்சு செய்து முடித்திருப்பார். எங்கே நிதானம் வேண்டும், எங்கே சட்டென்று கடந்து போகலாம் என்பதைக் கட்டம் கட்டமாகப் பார்ப்போம்.

கட்டங்கள் என்றதும் தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை, வெளியீடு, பராமரிப்பு என்று மேலிருந்து கீழே விழும் அருவிப் படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்துக்கு மூலமாகக் காட்டப்படுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை. வேடிக்கை என்னவென்றால், அப்படியே நேர்க்கோட்டில் போவது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் அவரே சொல்லியிருக்கிறார். புதிய வகை மென்பொருளாக இருந்தால் ஒருமுறை சிறிதாகச் செய்து பார்த்துவிட்டு, இரண்டாவதாகச் செய்வதையே வாடிக்கையாளருக்குக் கொடுங்கள் என்பது அவருடைய யோசனை. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, சிறு சிறு சுற்றாக வேலை செய்யச் சொல்லும் அஜைல் அறிக்கையை எழுதிய பிறகு அருவி மாதிரியைக் கேலி செய்வது வழக்கமாகிவிட்டது. எந்த முறையில் வேலை செய்தாலும் இந்த ஆறு வேலைகளும் போய்விடுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறீர்களா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு சிறு துண்டாகச் செய்கிறீர்களா என்பதுதான் வித்தியாசம். துண்டாகச் செய்வதே நல்லது.

கையில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் பேச வசதி. நூலகம் ஒன்றுக்கு இரவல் மென்பொருள் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

1. தேவையைக் கண்டுபிடித்தல்

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் கிடைக்கும் பதிலை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். இப்போது வேலை எப்படி நடக்கிறது என்று அரை நாள் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். இரவல் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதன் ஓரங்களில் பேனாவால் கிறுக்கியிருப்பதைப் படியுங்கள். "அட்டை கிழிந்தது", "தம்பி திருப்பித் தந்தார்", "பணம் பிறகு" என்றெல்லாம் எழுதியிருக்கும். கட்டங்களுக்குள் அடங்காததால் ஓரத்துக்குப் போனவை அவை. நீங்கள் எழுதப்போகும் மென்பொருள் முதல் வாரத்திலேயே தடுமாறும் இடங்களும் அவைதான்.

அடுத்து, ஒவ்வொரு தேவையையும் ஒரு வரியில் எழுதி, அதை உடையுங்கள். "உறுப்பினர் நூலை இரவல் வாங்கலாம்" என்ற ஒரே வரியிலிருந்து எத்தனை கேள்விகள் வருகின்றன பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை நூல்? முந்தைய நூல் தாமதமாகியிருந்தால் புதியது கிடைக்குமா? வேறொருவர் முன்பதிவு செய்த நூலைக் கொடுக்கலாமா? கெடு நாள் விடுமுறையில் விழுந்தால் அபராதம் உண்டா? ஒரு கிளையில் வாங்கி இன்னொரு கிளையில் திருப்பலாமா? தொலைந்ததாகச் சொன்ன நூல் மறுமாதம் கிடைத்தால் கட்டிய பணம் திரும்புமா? இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நூலகர். அவரிடம் கேட்காமல் விட்டால், நிரல் எழுதுபவர் இரவு பதினொரு மணிக்குத் தனக்குத் தோன்றிய பதிலை எழுதிவிடுவார்.

கிடைத்த பதிலைச் "சூழ்நிலை, செயல், விளைவு" என்ற மூன்று வரியில் எழுதி வையுங்கள்:

சூழ்நிலை: உறுப்பினரிடம் ஏற்கெனவே 3 நூல்கள் உள்ளன, வரம்பு 3.
செயல்: நான்காவது நூலை இரவல் கேட்கிறார்.
விளைவு: மறுப்பு வருகிறது, எந்த மூன்று நூல்கள் அவரிடம் உள்ளன என்று திரையில் தெரிகிறது.

நூலகர் படித்துச் சரி பார்க்கலாம். டெஸ்டர் அப்படியே சோதனையாக்கலாம். ஐம்பது பக்கத் தேவை ஆவணத்தைவிட இப்படிப்பட்ட நாற்பது துண்டுகள் அதிகம் உதவும்.

அடுத்தது எண்கள். "வேகமாக இருக்க வேண்டும்", "எப்போதும் ஓட வேண்டும்" என்பவை தேவைகளாகா. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், தேடலின் விடை எத்தனை விநாடிக்குள் வர வேண்டும், சர்வர் விழுந்தால் எத்தனை நிமிடத் தரவை இழக்கலாம், எத்தனை மணி நேரத்துக்குள் மீண்டும் எழ வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். 99.9% நேரம் ஓட வேண்டும் என்றால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நின்று போகலாம் என்று அர்த்தம். 99.99% என்றால் 4 நிமிடம் 19 விநாடி. தூங்குகிற ஆளை எழுப்பி லாகின் செய்ய வைக்கவே அது போதாது; ஆகவே அந்தக் கடைசி ஒன்பதுக்கு மனித உதவி இல்லாமல் தானாக மாறிக்கொள்ளும் இரண்டாவது சர்வர் தேவை. செலவு எங்கே ஏறுகிறது என்று தெரிந்தால் பலர் 99.9 போதும் என்று இறங்கி வந்துவிடுவார்கள்.

அளவை எழுதும்போது அலகையும் எழுதுங்கள். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்து போனதற்குக் காரணம், தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் ஒரு பகுதி பவுண்டு கணக்கில் கொடுத்த உந்துவிசை எண்ணை இன்னொரு பகுதி நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறத்தாழ 4.45 மடங்கு வித்தியாசம். நம்முடைய நூலகத்திலும் "இரவல் காலம் 14" என்று மட்டும் இருந்தால் யாராவது ஒருவர் அதை வேலை நாளாகக் கணக்கிடுவார்.

கடைசியாக, செய்யப்போவதில்லை என்ற பட்டியல் ஒன்றும் வேண்டும். மின்னூல் கிடையாது, ஆன்லைன் பணம் செலுத்துதல் இப்போதைக்குக் கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்தால், மூன்றாம் மாதம் வரும் மனக்கசப்பில் பாதி வராது.

2. காலக் கணக்கு

இரண்டு நாளுக்கு மேல் பிடிக்கும் வேலை எதையும் பட்டியலில் விடாதீர்கள், உடைத்துப் போடுங்கள். உடைக்கத் தெரியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் புரியவில்லை என்று பொருள். உடைக்க முடியாத பகுதிகளுக்கு மூன்று எண்கள் கேளுங்கள்: எல்லாம் கூடிவந்தால், வழக்கமாக, எல்லாம் சொதப்பினால். முறையே 3, 5, 13 நாள் என்றால், நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 6 நாள். விடையைவிட முக்கியம் 3-க்கும் 13-க்கும் உள்ள இடைவெளி. அது பெரிதாக உள்ள வேலையை முதலில் எடுங்கள். தெரியாததைக் கடைசிக்குத் தள்ளும் திட்டம் முதல் மாதம் அழகாகத் தெரியும், கடைசி மாதம் எரியும்.

ஒருவரின் எட்டு மணி நேரத்தையும் நிரலுக்கு எழுதாமல் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் ஆள் சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்கு: 4 பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 6, 10 பேர் ஆனால் 45. புதிதாக வந்தவருக்கு விளக்கும் நேரம், ஏற்கெனவே வேலை தெரிந்தவரிடமிருந்துதான் பிடிக்கப்படுகிறது. தாமதத்துக்குச் சரியான மருந்து, செய்யப்போவதைக் குறைப்பது.

3. வடிவமைப்பு: தரவில் தொடங்குங்கள்

நிரலைத் திருத்தி எழுதலாம், ஏன் வேறு மொழிக்கே மாற்றலாம். தரவு அப்படியே இருக்கும். ஆகவே திரைகளை வரைவதற்கு முன் அட்டவணைகளை வரையுங்கள்.

நூலக மென்பொருளில் முதல் தவறு "நூல்" என்று ஒரே அட்டவணை போடுவது. ஒரே நாவலின் ஐந்து பிரதிகள் அலமாரியில் இருக்கும். தலைப்பு, ஆசிரியர், பதிப்பு எல்லாம் நூலுக்கு உரியவை. பார்கோடு, எந்த அலமாரி, கிழிந்ததா என்பவை பிரதிக்கு உரியவை. இரவல் போவது பிரதி. முன்பதிவு செய்யப்படுவது நூல். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. "எந்தப் பிரதி வந்தாலும் எனக்குக் கொடுங்கள்" என்று ஒருவர் கேட்கும் நாளில்தான் மாட்டிக்கொள்வீர்கள், அதற்குள் பல்லாயிரம் வரிகள் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது, பிரதியில் "இப்போது யாரிடம்" என்று ஒரு கட்டம் வைத்து அதையே மாற்றி மாற்றி எழுதாதீர்கள். இரவல் என்று தனி அட்டவணை வைத்து, ஒவ்வொரு இரவலும் ஒரு வரி, திரும்பும்போது திரும்பிய தேதியை நிரப்புவது என்று செய்யுங்கள். போன வருடம் இந்த நூலை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். மேலே எழுதி அழித்த தரவை எந்த நிரலாலும் மீட்க முடியாது.

பெயர், தொகை, தேதி ஆகிய மூன்றும் எளிமையானவை போலத் தெரிந்து ஏமாற்றும்.

பெயர்: எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் பிடிக்கும். "ஸ்ரீ" கண்ணுக்கு ஒரே எழுத்துப்போல இருந்தாலும் உள்ளே நான்கு குறியீடுகள், 12 பைட். பெயருக்கு 30 பைட் ஒதுக்கினால் பத்துக் குறியீட்டில் வெட்டிவிடும், அதுவும் நடுவே வெட்டி உயிர்மெய்யைப் பிய்த்துப் போடும். தேடலில் இன்னொரு சங்கடம். "கொ" என்பதை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. கொற்றவன் என்ற உறுப்பினரைத் தேடினால் "இல்லை" என்று வரும். ஆள் எதிரே நிற்பார். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோட் நார்மலைசேஷனில் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். தீராதது ஒன்று உண்டு: ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பையும் ள எழுத்தையும் சேர்த்து அடிப்பவர்கள். அதை நார்மலைசேஷன் திருத்தாது. தேடலுக்கென்று தனி விதி எழுத வேண்டும்.

தொகை: மிதவைப் புள்ளி எண்ணாக, அதாவது ஃப்ளோட்டாக வைக்காதீர்கள். அதில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். நாணயத்தின் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வையுங்கள், அல்லது தசமத்தைத் துல்லியமாக வைக்கும் தரவுத்தளத்தின் நியூமரிக் வகையைப் பயன்படுத்துங்கள்.

தேதி: "எப்போது நடந்தது" என்பதை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் கெடு நாள் என்பது ஒரு கணம் அல்ல; நாட்காட்டியில் உள்ள ஒரு நாள். அதை யூடிசி நள்ளிரவாகச் சேமித்தால் உலகின் ஒரு பாதியில் முந்தைய நாளாகத் தெரியும், ஒரு நாள் அபராதம் தப்பாக விழும். நேரமே இல்லாத தேதி வகை பெரும்பாலான தரவுத்தளங்களில் இருக்கிறது; அதை எடுங்கள். நேரத்தை 32 பிட் முழு எண்ணில் வைக்கும் பழைய நிரல்கள் 2038 ஜனவரி 19 அன்று யூடிசி 03:14:07-க்குப் பிறகு எண்ண முடியாமல் 1901-க்குத் தாவிவிடும் என்பதையும் நினைவில் வைக்கவும். இருபது வருட உறுப்பினர் அட்டை கொடுக்கும் இடத்தில் இந்தப் பிரச்சினை இப்போதே வந்துவிட்டது.

மற்றபடி, கட்டமைப்பு விஷயத்தில் அலட்டிக்கொள்ள வேண்டாம். ஐந்து பேர் குழுவுக்கு ஒரே நிரல்தொகுதி, ஒரே தரவுத்தளம் போதும். மைக்ரோசர்வீஸ் என்று முதல் நாளே தனித்தனியாக ஓடும் பன்னிரண்டு துண்டாக வெட்டினால், முன்பு ஒரு ஃபங்ஷன் அழைப்பாக இருந்தது இப்போது நெட்வொர்க் அழைப்பாகி, பாதி வழியில் அறுந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பன்னிரண்டு மடங்காகும். உள்ளே பகுதிகளைத் தெளிவாகப் பிரித்து வைத்தால் பின்னால் வெட்டிக்கொள்ளலாம்.

பெரிய முடிவு ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதி நிரலோடேயே வையுங்கள்: என்ன முடிவு, வேறு என்னென்ன யோசித்தோம், ஏன் தள்ளினோம், எந்த நிலை வந்தால் மறுபரிசீலனை. இரண்டு வருடம் கழித்து "எந்த முட்டாள் இப்படிச் செய்தான்" என்று கேட்கப்போவது பெரும்பாலும் நீங்களேதான்.

4. நிரல் எழுதுதல்

எல்லாம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் (Git) கருவியில் இருக்க வேண்டும்: நிரல், தரவுத்தள மாற்றங்கள், சர்வர் அமைப்புகள், சோதனைகள். கடவுச்சொல்லும் ஏபிஐ சாவியும் மட்டும் இருக்கக் கூடாது. தவறிப் போட்டுவிட்டால் அடுத்த கமிட்டில், அதாவது அடுத்துப் பதியும் மாற்றத்தில், நீக்குவதால் பயனில்லை, பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். சாவியையே மாற்றுங்கள்.

பிராஞ்ச், அதாவது ஒருவர் தனியாக வேலை செய்யும் நிரலின் கிளை, ஓரிரு நாளுக்கு மேல் தனியாக வாழக் கூடாது. சக ஊழியர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவுக்கு வரும் மாற்றம் 200, 300 வரிக்குள் இருக்கட்டும். இருபது வரி மாற்றத்துக்குப் பத்துக் கருத்து வரும், இரண்டாயிரம் வரி மாற்றத்துக்கு "நன்றாக இருக்கிறது" என்று ஒரே கருத்து வரும். பெயர் மாற்றுதல், ஃபார்மட் செய்தல் ஆகியவற்றைத் தனி கமிட்டாகப் பிரித்துவிடுங்கள். தர்க்க மாற்றம் அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரே ஓர் இடத்தை மட்டும் கிட்டப் பார்ப்போம். கடைசிப் பிரதியை இரண்டு கவுன்டர்களில் ஒரே நேரத்தில் கொடுக்கப் பார்க்கிறார்கள். (இணையத்தில் முன்பதிவு இருந்தால் இது அன்றாடம் நடக்கும்.) வழக்கமாக எழுதப்படும் நிரல்: பிரதி உள்ளே இருக்கிறதா என்று பார், இருந்தால் இரவல் வரியைச் சேர். முதல் கவுன்டர் பார்க்கிறது, இருக்கிறது. இரண்டாம் கவுன்டரும் பார்க்கிறது, இன்னும் இருக்கிறது. முதலாவது சேர்க்கிறது. இரண்டாவதும் சேர்க்கிறது. ஒரே பிரதி இருவரிடம். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் இடையே சில மில்லி விநாடிதான் இடைவெளி என்பதால் உங்கள் மடிக்கணினியில் இது ஒருநாளும் நடக்காது.

இதை நிரலில் இன்னொரு சோதனை போட்டுத் தீர்க்கப் பார்ப்பது வீண். தரவுத்தளத்திடம் விட்டுவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் "திரும்பிய தேதி காலியாக உள்ள வரிகளில் பிரதி எண் ஒருமுறைதான் வரலாம்" என்று நிபந்தனையுடன் கூடிய யூனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பை இருமுறை ஏற்காத ஏற்பாடு) ஒன்று போட்டால், இரண்டாவது வரி சேராது. நிரல் அந்தப் பிழையைப் பிடித்து "இப்போதுதான் வேறொருவர் எடுத்துவிட்டார்" என்று காட்டினால் போதும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் நிபந்தனை இன்டெக்ஸ் நேரடியாக இல்லை. அங்கே பிரதியின் வரியை முதலில் பூட்டி, பிறகு பார்த்து, பிறகு எழுத வேண்டும், மூன்றும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற ஒரே தொகுப்புக்குள்).

பிறர் எழுதி வெளியிட்ட நிரல் தொகுப்புகள், அதாவது லைப்ரரிகள், விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை அதன் ஆசிரியர் அத்தகைய தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம் தளத்திலிருந்து நீக்கியபோது, உலகெங்கும் ஏராளமான திட்டங்களின் பில்டு, அதாவது நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகக் கட்டும் வேலை, நின்றது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பரவலான ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது பல நிறுவனங்களுக்கு முதல் சிக்கல், அது தங்களிடம் எங்கெங்கே ஓடுகிறது என்றே தெரியாதது. லாக் ஃபைல் (lock file, பயன்படுத்தும் பதிப்புகளைக் குறித்து வைக்கும் கோப்பு) மூலம் துல்லியமான பதிப்பெண்ணைக் கட்டிவையுங்கள். பத்து வரியில் எழுதிவிடக்கூடியதற்குத் தொகுப்பு சேர்க்காதீர்கள்.

5. சோதனை

நிறையச் சிறு சோதனைகள், நடுத்தரமாகத் தரவுத்தளத்தோடு சேர்ந்த சோதனைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் திரை வழியாக முழுப் பாதையையும் ஓட்டும் சோதனைகள். இந்தப் பிரமிட்டைத் தலைகீழாகக் கட்டியவர்கள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள். முழுத் தொகுப்பும் பத்து நிமிடத்துக்குள் ஓட வேண்டும், ஒவ்வொரு கமிட்டுக்கும் தானாக ஓட வேண்டும்.

பிழைகள் விளிம்பில் குடியிருக்கும். 14 நாள் இரவல் என்றால் 13-ஆம் நாள் சோதனை வீண். 14, 15, கெடு நாளே விடுமுறை, பிப்ரவரி 29-இல் எடுத்தது, இவற்றை எழுதுங்கள். பயனர் ஒரு பிழையைச் சொன்னால் முதலில் அதைக் காட்டித் தோற்கும் சோதனை, பிறகு திருத்தம். சில நேரம் தேறி, சில நேரம் தோற்கும் சோதனையை அன்றே சரி செய்யுங்கள் அல்லது நீக்குங்கள். "அது அப்படித்தான், மறுபடி ஓட்டு" என்று ஒருமுறை பழகிவிட்டால் நிஜப் பிழை வரும்போதும் மறுபடி ஓட்டத்தான் கை போகும்.

வேறெங்கோ நன்றாக ஓடிய நிரலைக் கொண்டுவந்தால் அதையும் புதிதாகவே சோதியுங்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி 40 விநாடிக்குள் சிதறியது. அதன் திசையறி மென்பொருள் ஏரியான் 4-இலிருந்து வந்தது. புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் ஃப்ளோட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், 32,767-க்கு மேல் அடங்காமல் பிழை எழுந்தது. அந்தக் கணக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு தேவையே இல்லாதது என்பது இன்னும் வேதனை.

6. வெளியீடு

ஒருமுறைதான் பில்டு செய்ய வேண்டும். சோதனைச் சர்வரில் ஓடிய அதே கோப்பு, அமைப்புகள் மட்டும் மாறி, நிஜச் சர்வருக்குப் போக வேண்டும். கையால் கோப்புகளை நகல் எடுப்பது என்றாவது ஒருநாள் ஒரு சர்வரை மறக்கும்.

அப்படி மறந்த கதை ஒன்று பொதுப் பதிவில் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேபிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். எட்டுச் சர்வர்களில் ஏழில்தான் புதிய நிரல் ஏறியிருந்தது. புதிய நிரலுக்கென்று, பல வருடமாகப் பயன்படாத ஒரு பழைய வசதியின் ஃப்ளாகையே, அதாவது அதை இயக்கும் சுவிட்சையே, மீண்டும் எடுத்திருந்தார்கள். ஃப்ளாகை இயக்கியதும் எட்டாவது சர்வரில் பழைய நிரல் உயிர்த்தெழுந்து பங்குகளை வாங்கித் தள்ளியது. பதறிப்போய் ஏழு சர்வர்களிலும் புதிய நிரலைத் திரும்பப் பெற்றார்கள். ஃப்ளாக் இயங்கியபடியே இருந்ததால் இப்போது எட்டிலும் பழைய நிரல். முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் இழப்பு. சந்தை திறக்கும் முன்பே பிழையைச் சொல்லும் 97 மின்னஞ்சல்கள் உள்ளுக்குள் போயிருந்தன. அவற்றை எச்சரிக்கையாக யாரும் பார்க்கவில்லை. செத்த நிரலை நீக்குவது, ஃப்ளாக் பெயரை மறுமுறை பயன்படுத்தாதது, பழைய பதிப்புக்குத் திரும்பும் ரோல்பேக்கை முன்கூட்டியே ஒத்திகை பார்ப்பது என்று மூன்று வேலைகளுக்கு இந்த ஒரே நாள் சான்று.

நிரலைப் பின்னோக்கி எடுக்கலாம், தரவு அமைப்பை அப்படி எடுக்க முடியாது. உறுப்பினர் அட்டவணையில் ஒரே கட்டமாக இருந்த தொலைபேசி எண்ணைத் தனி அட்டவணைக்கு மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், ஐந்து படிகளாகப் பிரியுங்கள்:

1. புதிய அட்டவணையைச் சேர்க்கவும். யாரும் அதைத் தொடவில்லை.
2. நிரல் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எழுதட்டும், படிப்பது பழையதிலிருந்து.
3. பழைய வரிகளை ஆயிரம் ஆயிரமாக, இடையில் ஓரிரு விநாடி விட்டு நகல் எடுக்கவும். ஒரே கட்டளையில் இருபது லட்சம் வரிகளை மாற்றினால் அவை அனைத்தும் பூட்டப்பட்டு, கவுன்டரில் வரிசை நீளும்.
4. இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசம் பூஜ்யம் என்று உறுதியானதும், படிப்பதைப் புதியதற்கு மாற்றவும்.
5. சில வாரம் ஓடவிட்டு, பழைய கட்டத்தில் எழுதுவதை நிறுத்தி, அதற்கடுத்த வெளியீட்டில் கட்டத்தை நீக்கவும்.

நான்காம் படி வரை எந்த இடத்திலும் ஒரு படி பின்னால் வரலாம். ஐந்தாம் படியில் கட்டம் போன பிறகு முடியாது, அதனால்தான் அந்தச் சில வாரம். இதேபோல, ஓடிக்கொண்டிருக்கும் பெரிய அட்டவணையில் போஸ்ட்கிரெஸ் இன்டெக்ஸ் சேர்க்கும்போது "கன்கரன்ட்லி" என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால், இன்டெக்ஸ் முடியும்வரை எழுதுவதெல்லாம் நின்றுவிடும்.

புதிய வசதியை முதலில் ஒரு கிளைக்கு, பிறகு பத்தில் ஒரு பங்குக்கு, பிறகு எல்லோருக்கும் திறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெளியீடு வேண்டாம் என்பது மூடநம்பிக்கை இல்லை. திருத்தத் தெரிந்தவர்கள் எல்லாம் ஊருக்குப் போயிருப்பார்கள்.

7. பராமரிப்பு

மென்பொருளின் ஆயுளில் நீளமான பகுதி இதுதான், ஆனால் திட்டத்தில் "இதர செலவுகள்" என்று கடைசி வரியில் இருக்கும்.

பேக்கப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில் என்ற விதி எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், அன்றாட பேக்கப் நிரல் போஸ்ட்கிரெஸ் பதிப்பு ஒத்துப்போகாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களைப் பெறும் சர்வர் நிராகரித்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை. வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. நிறுவனமே இதை விரிவாக எழுதி வெளியிட்டது. ஆகவே, "பேக்கப் தோற்றால் செய்தி அனுப்பு" என்பதற்குப் பதிலாக "24 மணி நேரத்தில் வெற்றிச் செய்தி வராவிட்டால் எழுப்பு" என்று வையுங்கள். மாதம் ஒருமுறை பேக்கப்பைக் காலியான சர்வரில் ஏற்றி, நேற்றைய கடைசி இரவல் அதில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். எத்தனை நிமிடம் பிடித்தது என்று குறித்து வையுங்கள். முதல் கட்டத்தில் எழுதிய எண்ணோடு அது பொருந்த வேண்டும்.

அலர்ட் என்றால் யாராவது எழுந்து ஏதாவது செய்ய வேண்டியது. செய்ய ஒன்றும் இல்லை என்றால் அது வெறும் வரைபடம். அலர்ட் பட்டியலிலிருந்து நீக்குங்கள். சிபியு 80% ஆனது பற்றி இரவில் எழுப்பாதீர்கள். இரவல் பதிவில் நூற்றுக்கு ஐந்து தோற்றால் எழுப்புங்கள். வட்டு நிரம்புவதையும் இணைய இணைப்பைப் பாதுகாக்கும் டிஎல்எஸ் சான்றிதழின் காலாவதியையும் முன்கூட்டியே சொல்ல வையுங்கள்; இரண்டும் தேதி தெரிந்தே வரும் விபத்துகள். லாகில், அதாவது மென்பொருள் தான் செய்ததைக் குறித்து வைக்கும் பதிவில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் வேண்டும், அதுவே பிழைத் திரையிலும் தெரிய வேண்டும். "ஏதோ எரர் வந்தது" என்ற தொலைபேசி அழைப்பு அப்போது "எரர் 7421 வந்தது" என்றாகும்.

நிஜமாகவே விழுந்துவிட்டால் முதல் வேலை காரணம் தேடுவது இல்லை, சேவையை எழுப்புவது. கடைசியாக மாறியது எது என்று பார்த்து அதைத் திரும்பப் பெறுங்கள். ஒருவர் திருத்தட்டும், இன்னொருவர் நேரத்தோடு குறிப்பெடுக்கட்டும், மூன்றாமவர் பயனர்களிடம் பேசட்டும். மறுநாள் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, யார் தப்பு என்று கேட்காமல், அந்தத் தப்பை நம்முடைய ஏற்பாடு ஏன் அனுமதித்தது என்று கேளுங்கள். ஆள் பெயரைச் சொல்லி முடித்த இடத்தில் அடுத்த முறை உண்மையைச் சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள்.

மாதம் ஒருமுறை லைப்ரரிகளைப் புதுப்பியுங்கள். சிறு சிறு தாவலாக இருந்தால் அரை நாளில் முடியும். மூன்று வருடம் தள்ளிப்போட்டால் ஒன்றைத் தொட இன்னொன்று உடையும், கடைசியில் பாதுகாப்பு ஓட்டை வெளியான அன்று அவசரமாகச் செய்ய வேண்டிவரும். பழைய நிரலை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்ற ஆசை எல்லாக் குழுவுக்கும் ஒருநாள் வரும். அந்த அசிங்கமான நிபந்தனைகளில் பல, பதிவேட்டின் ஓரத்தில் இருந்த கிறுக்கல்களிலிருந்து வந்தவை. புதிய நிரல் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி கண்டுபிடிக்கும். பகுதி பகுதியாக மாற்றுங்கள்.

மென்பொருளை ஓட்டுவது எப்படி என்று சொல்லும் ரீட்மீ கோப்புக்கு ஒரே தேர்வு: புதிதாகச் சேர்ந்தவர் யாரையும் கேட்காமல் முதல் நாள் மாலைக்குள் மென்பொருளைத் தன் கணினியில் ஓட்ட வேண்டும். அவர் எங்கே தடுக்கி விழுந்தாரோ, அந்த வரியை அவரையே திருத்தச் சொல்லுங்கள்.

8. மூடுதல்

ஒருநாள் இந்த மென்பொருளை நிறுத்துவீர்கள். தேதியை ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். ஏபிஐ லாகைப் பார்த்து இன்னும் யார் அழைக்கிறார்கள் என்று தனித்தனியாகத் தொடர்புகொள்ளுங்கள்; பொது அறிவிப்பை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். இறுதி நாளுக்கு முன் ஓரிரு முறை ஒரு மணி நேரம் மட்டும் நிறுத்திப் பார்த்தால், மறந்துபோன ஏதோ ஒரு மாதாந்திர அறிக்கை நிரல் அலறுவது கேட்கும். தரவைச் சாதாரண சிஎஸ்வி கோப்பாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள் என்ற விளக்கத்தோடு எடுத்துக் கொடுங்கள். வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லாத தனிப்பட்ட விவரங்களை, பேக்கப்பில் உள்ளதையும் சேர்த்து அழியுங்கள். சாவிகளை ரத்து செய்யுங்கள்.

டொமைன் பெயரை மட்டும் சில வருடம் புதுப்பித்துக்கொண்டே இருங்கள். விட்டுவிட்டால் வேறொருவர் வாங்கி, அந்த முகவரிக்கு வரும் மின்னஞ்சல்களைப் பெறத் தொடங்குவார். பழைய ஊழியர் ஒருவர் அந்த முகவரியை வைத்து வேறெங்கோ திறந்த கணக்கின் கடவுச்சொல் மீட்பு இணைப்பும் டொமைனை வாங்கியவரிடமே போய்ச் சேரும்.